'சுப்பீரியர்' எண்ட சொல்லைப் பற்றி கிளாஸில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

வெள்ளவத்தையில பின்னேரங்களில நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறன். ஓஎல் எழுதப்போற பிள்ளையள், கொம்பனியில வேலை செய்யிற ஆக்கள், பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிறதுக்காகத் தாங்களே படிக்க வாற அம்மாமார் எண்டு எல்லா விதமான ஆக்களும் வருவினம். எல்லாரும் தடக்குப்படுற சொல்லு ஒண்டு இருக்கு, அது 'சுப்பீரியர்'. 'பெட்டர்' எண்டா ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை, இது வந்தா மட்டும் கேள்வி வரும். வந்த கேள்வியள் எல்லாத்தையும் ஒரு இடத்தில சேர்த்து எழுதியிருக்கிறன்.

சுப்பீரியர் எண்டா என்ன அர்த்தம்?

மேல். இந்த ஒரு தமிழ்ச் சொல்லே போதும். கன டிக்ஷனரியில 'சிறந்த, உயர்ந்த, மேம்பட்ட' எண்டு போட்டிருக்கும், அதுவும் சரிதான், ஆனா அதை மட்டும் பாடமாக்கினா பாதி இடத்தில பிழைச்சுப்போகும். இந்தச் சொல்லின்ர அடி 'மேலே இருக்கிறது' எண்டது, 'நல்லது' எண்டது அதில இருந்து பிறகு கிளைச்ச அர்த்தம். லத்தீனில 'சூப்பர்' எண்டா மேலே. ஓம், நாங்கள் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுற அதே சூப்பர்தான். மேலே இருக்கிற ஒண்டை விட இன்னும் கூட மேலே இருக்கிறது 'சுப்பீரியர்'. பிரெஞ்சுக்குள்ளால வந்து 14ஆம் நூற்றாண்டு முடியிற காலத்தில இங்கிலீஷுக்குள்ள புகுந்த சொல்லு இது.

பெட்டர் இருக்கேக்க ஏன் இன்னொரு சொல்லு?

பெட்டர் வீட்டுச் சொல்லு, சுப்பீரியர் எழுத்துச் சொல்லு. சந்தையில நிண்டு கறுத்தக்கொழும்பானைக் கையில எடுத்து மணந்து பாத்திட்டு "இது விலாட்டை விட பெட்டர்" எண்டு சொல்லலாம். அந்த இடத்தில சுப்பீரியர் எண்டு சொன்னா, மரக்கறிக் கடையில நிண்டு "இம்மாங்கனி மேன்மையுடையது" எண்டு சொல்லுற மாதிரி இருக்கும். ஏற்றுமதிக் கொம்பனியில இருந்து வெளிநாட்டுக்கு ஈமெயில் எழுதேக்க "சிலோன் சினமன் இஸ் சுப்பீரியர் டு காசியா" எண்டு எழுதினா அது அழகா இருக்கும். எங்கட கறுவா, காசியா எண்ட மற்றக் கறுவா வகையை விட தரத்தில மேல் எண்டதுதான் அந்த வசனம்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. உடம்பு சுகமாகிறதுக்கு பெட்டர் மட்டும்தான் வரும். காய்ச்சல் மாறினாப் பிறகு "ஐ ஆம் பெட்டர் நவ்" எண்டு சொல்லுங்கோ, "ஐ ஆம் சுப்பீரியர் நவ்" எண்டு சொல்லிப்போடாதேங்கோ, "நான் இப்ப உங்களை விடப் பெரிய ஆள்" எண்ட மாதிரிப் போய்விடும்.

பெட்டருக்குப் பிறகு 'தேன்' போடுறம், சுப்பீரியருக்குப் பிறகு ஏன் 'டு' போடச் சொல்லுறீங்கள்?

கூடுதலா கேக்கிறது இதைத்தான், எனக்குச் சொல்லிக்குடுக்க ஆசையான கேள்வியும் இதுதான், ஏனெண்டா இதுக்கு விடை இங்கிலீஷ் புத்தகத்தில தேடத் தேவையில்லை, எங்கட தமிழுக்குள்ளயே இருக்கு.

சாதாரண ஸ்கூல் விளக்கம் இதுதான்: ஈ-ஆர் சேர்த்து வாற இங்கிலீஷ் சொற்களுக்கு, அதாவது பிக்கர், டோலர், பெட்டர் மாதிரியானதுக்கு 'தேன்' வரும், லத்தீனில இருந்து ஐ-ஓ-ஆர் வாலோட வந்த சொற்களுக்கு 'டு' வரும். பிள்ளையள் இதைப் பாடமாக்கி சோதினையில எழுதிப்போட்டு, அடுத்த கிழமை கதைக்கேக்க திரும்ப "சுப்பீரியர் தேன்" எண்டுதான் சொல்லுவினம். ஏனெண்டா காரணம் விளங்கேல்லை.

இப்ப தமிழைப் பாருங்கோ. "இது அதை விட நல்லது." "இது அதுக்கு மேல்." ரெண்டும் ஒரே ஒப்பீடுதான், ஆனா முதலாவதில 'விட' வருது, ரெண்டாவதில 'க்கு' வருது. "அதை விட மேல்" எண்டும் சொல்லலாம், ஆனா 'மேல்' எண்ட சொல்லுக்குப் பழகின சோடி 'க்கு'. மேசைக்கு மேல, தலைக்கு மேல, ஐநூறு ரூபாய்க்கு மேல, அவருக்கு மேல ஒரு மனேஜர் இருக்கிறார். இந்த 'க்கு' தான் இங்கிலீஷில 'டு'. கொழும்புக்கு எண்டா டு கொலம்போ. அதுக்கு மேல் எண்டா சுப்பீரியர் டு தட். பிரெஞ்சிலயும் இந்தச் சொல்லுக்குப் பின்னால 'டு' வேலை செய்யிற ஒரு சின்னச் சொல்லுதான் வரும்.

ஆக பெட்டர் வந்தா மனசுக்குள்ள "அதை விட" எண்டு சொல்லுங்கோ, சுப்பீரியர் வந்தா "அதுக்கு மேல்" எண்டு சொல்லுங்கோ, கை தானா 'டு' எழுதும். நாலைஞ்சு வருசமா இப்பிடித்தான் சொல்லிக்குடுக்கிறன், ஒருக்கா விளங்கின பிள்ளை திரும்பப் பிழைவிட்டதை நான் காணேல்லை.

'மோர் சுப்பீரியர்' எண்டு எழுதலாமா?

எழுதக்கூடாது. சுப்பீரியருக்குள்ளயே 'கூட மேல்' எண்ட அர்த்தம் இருக்கு, திரும்ப மோர் போட்டா 'கூடக் கூட மேல்' ஆகும். 'மோர் பெட்டர்' எண்டு சொல்லுற அதே பிழை.

போன வருசம் ஒரு தம்பி, கணக்கியல் படிச்சு முடிச்ச கெட்டிக்காரப் பிள்ளை, வேலைக்கு அனுப்பப்போற கவரிங் லெட்டரை ஃபோனில காட்டினவர். மூண்டாவது வரியில "மை குவாலிஃபிகேஷன்ஸ் ஆர் மோர் சுப்பீரியர் தேன் அதர் கேண்டிடேட்ஸ்" எண்டு இருந்தது. ரெண்டு பிழை இலக்கணத்தில: மோர் தேவையில்லை, தேன் இல்லை டு. ஆனா நான் அவரைப் பிடிச்சு வைச்சுக் கதைச்சது மூண்டாவது பிழையைப் பற்றி. மற்ற ஆக்கள் ஆரெண்டே தெரியாமல் அவைக்கு நான் மேல் எண்டு எழுதினா வாசிக்கிறவருக்கு எப்பிடி இருக்கும்? "தம்பி, இதைத் தமிழில எனக்குச் சொல்லிப் பாருங்கோ" எண்டன். சொல்லத் தொடங்கினவர், பாதியில நிப்பாட்டி அந்த வரியை அழிச்சுப்போட்டார். அதுக்குப் பதிலா தான் என்ன சொஃப்ட்வெயார் பழகினவர், எத்தினை மாசம் ட்ரெயினிங் செய்தவர் எண்டு எழுதினவர், அது எவ்வளவோ நல்லா இருந்தது.

எவ்வளவு மேல் எண்டு கூட்டிச் சொல்லவேணும் எண்டா 'மச் சுப்பீரியர்', 'ஃபார் சுப்பீரியர்', 'வாஸ்ட்லி சுப்பீரியர்' எண்டு போடலாம். 'மோஸ்ட் சுப்பீரியர்' தேவையில்லை, அந்த இடத்துக்கு 'த பெஸ்ட்' இருக்கு.

இதே மாதிரி 'டு' வாற வேற சொற்கள் என்ன?

இன்ஃபீரியர் (கீழ்), சீனியர், ஜூனியர், ப்ரையர் (முந்தினது). ஒஃபிஸில கூடுதலாப் பிழைக்கிறது சீனியர்தான், "ஹீ இஸ் சீனியர் தேன் மீ" எண்டு கொழும்பில தினமும் கேக்கலாம். "சீனியர் டு மீ" எண்டுதான் வரும். தமிழில எனக்கு மூத்தவர் எண்டு சொல்லுறம்தானே, அங்கயும் 'க்கு' நிக்குது பாருங்கோ. எத்தினை வருசம் எண்டு சொல்ல "சீனியர் டு மீ பை டூ இயர்ஸ்". மேஜர், மைனர் ரெண்டும் லத்தீன் ஒப்பீட்டுச் சொற்கள்தான், ஆனா அதுகளுக்குப் பின்னால டு-வும் வராது தேன்-னும் வராது.

ப்ரிஃபர் எண்ட வினைச்சொல்லுக்கும் 'டு' தான்: "ஐ ப்ரிஃபர் டீ டு கொஃபி".

ஸ்கேன் ரிப்போர்ட்டில 'சுப்பீரியர்' எண்டு போட்டிருந்தா அந்த இடம் நல்லா இருக்கு எண்டா அர்த்தம்?

இல்லை. இதைக் கொஞ்சம் விவரமா எழுதுறன், ஏனெண்டா இந்தப் பிழையான விளக்கத்தால ஒரு வீடு ரெண்டு நாள் நித்திரை கொள்ளேல்லை.

எங்கட ஃப்ளாட்டில மேல்மாடியில இருக்கிற அன்ரி ஒருத்தர் அங்கிளின்ர ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தவ. நாலாய் மடிச்ச பேப்பர். விரிச்சுப் பாத்தா, சுப்பீரியர் எண்டு வாற இடத்தில நீலப் பேனையால கோடு, இன்ஃபீரியர் எண்டு வாற இடத்தில சிவப்புப் பேனையால ரெண்டு கோடு. "பிள்ளை, நீலம் நல்ல இடம்தானே, சிவப்பு எல்லாம் பழுதாப்போன இடமோ?" எண்டு கேட்டவ. டொக்டரைப் பாக்கிறதுக்கு அடுத்த கிழமைதான் நம்பர் கிடைச்சிருந்தது, அதுவரைக்கும் மனுசி தன்ர பாட்டில வாசிச்சு, தன்ர பாட்டில அழுதிருக்கிறா.

உடம்பைப் பற்றிக் கதைக்கேக்க சுப்பீரியர் எண்டா தலைப் பக்கம், இன்ஃபீரியர் எண்டா கால் பக்கம். அவ்வளவுதான். ஆள் கட்டிலில படுத்திருந்தாலும் நேரா நிக்கிறதா நினைச்சுத்தான் சொல்லுவினம். சுப்பீரியர் வீனா கேவா எண்டது தலை, கை, நெஞ்சின்ர மேல் பக்கத்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவாற பெரிய நாளம், இன்ஃபீரியர் வீனா கேவா வயிறு, கால் பக்கத்து ரத்தத்தைக் கொண்டுவாறது. ரெண்டும் இதயத்தின்ர வலது மேல் அறைக்குத்தான் போகுது. சொல்லப்போனா இன்ஃபீரியர்தான் உடம்பில இருக்கிற ஆகப் பெரிய நாளம். தமிழ் மீடியத்தில சயன்ஸ் படிச்ச ஆக்களுக்கு இது தெரியும், மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் எண்டு படிச்சிருப்பியள். புத்தகத்தை மொழிபெயர்த்த ஆக்கள் 'சிறந்த பெருநாளம்' எண்டு போடாமல் 'மேல்' எண்டு போட்டது எவ்வளவு சரியான வேலை.

நோய் இருக்கா இல்லையா எண்டதை இந்தச் சொல்லை வைச்சுச் சொல்லேலாது, அது டொக்டர் சொல்லவேண்டியது. அன்ரிக்கு நான் சொன்னதும் அவ்வளவுதான். அவ அந்தப் பேப்பரைத் திரும்ப நாலாய் மடிச்சு, "அப்ப இது அட்ரஸ் மாதிரி" எண்டா. அதை விட வடிவா எனக்கும் சொல்லத் தெரியாது.

'லேக் சுப்பீரியர்' எண்டா உலகத்தில சிறந்த ஏரியா?

அதுவும் அட்ரஸ்தான். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில இருக்கிற பெரிய ஏரியள் அஞ்சு, அதில ஆக வடக்கில, ஹியூரன் ஏரிக்கு மேல இருக்கிறது இது. 17ஆம் நூற்றாண்டில அங்க போன பிரெஞ்சுக்காரர் தங்கட பாஷையில 'மேல் ஏரி' எண்டு பேர் வைச்சவை, அந்தப் பேரை இங்கிலீஷ்காரர் அப்பிடியே எடுத்துக்கொண்டினம். அளவில அது பெரிசு எண்டது வேற விசயம், பரப்பு ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுக்கச் சேர்த்து 65,610. எங்கட நாட்டையே தூக்கி உள்ள வைக்கலாம்.

கிரகங்களுக்கும் இப்பிடித்தான். பூமியை விட சூரியனுக்குத் தூரத்தில சுத்துற செவ்வாய், வியாழன், சனி எல்லாம் சுப்பீரியர் பிளானட்ஸ், உள்ளுக்குள்ள சுத்துற புதனும் வெள்ளியும் இன்ஃபீரியர் பிளானட்ஸ். வெள்ளியை விட வடிவா வானத்தில மின்னுற கிரகம் இல்லை, ஆனா பேர் இன்ஃபீரியர்.

சதுர மீற்றர் எண்டு எழுதேக்க மேல குட்டியாப் போடுற 2, அதையும் அச்சுக்காரர் சுப்பீரியர் எண்டு சொல்லுறது உண்டு.

தேயிலையில 'மேல்' எண்டா சுப்பீரியரா?

கொழும்பில இருந்துகொண்டு இதைக் கேக்காமல் இருக்கேலாது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல தொடங்கினது, இண்டைக்கும் நடக்குது. அங்க தேயிலையை விளைஞ்ச உயரத்தை வைச்சுப் பிரிப்பினம்: 4000 அடிக்கு மேல விளையிறது ஹை குரோன், 2000க்கும் 4000க்கும் இடையில மிட் குரோன், 2000க்குக் கீழ லோ குரோன். நுவரெலியா மேல, காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் கீழ. உயரத்தில மேல் எண்டா விலையிலயும் மேல் எண்டு நினைப்பம், ஆனா பல வருசமா சராசரி விலையில லோ குரோன்தான் முன்னுக்கு நிக்குது, மத்திய கிழக்கில சாயம் கடும் எண்டு அதைத்தான் கூடுதலா விரும்பி வாங்குகினம். ஹை குரோனின்ர மணம் வேற, அதுக்கு ஆக்கள் வேற. ஆக தேயிலைப் பெட்டியில சுப்பீரியர் குவாலிட்டி எண்டு போட்டிருந்தா, அது எங்க விளைஞ்சது எண்டு சொல்லுற சொல்லு இல்லை, விக்கிறவர் தன்ர சாமானைப் புகழுற சொல்லு. வாங்குறதுக்கு முதல் கிரேட்டை வாசியுங்கோ.

கோட்ஸில சொல்லுற சுப்பீரியர் கோர்ட் எது?

1978 அரசியலமைப்பில சுப்ரீம் கோர்ட்டையும் கோர்ட் ஒஃப் அப்பீலையும் சுப்பீரியர் கோர்ட் எண்டு சொல்லியிருக்கு. மற்றக் கோட்ஸுக்கு மேல இருக்கிறதுகள் எண்ட அர்த்தம். சுப்ரீம் எண்டதும் இதே குடும்பத்துச் சொல்லுதான்: சூப்பர் எண்டா மேலே, சுப்பீரியர் எண்டா அதுக்கும் மேலே, சுப்ரீம் எண்டா ஆக மேலே. இந்தியச் செய்தி பாக்கிற ஆக்கள் கவனிக்கவேணும், அங்க உயர் நீதிமன்றம் எண்டா ஹை கோர்ட், எங்களுக்கு உயர் நீதிமன்றம் எண்டா சுப்ரீம் கோர்ட், ஹை கோர்ட்டை நாங்கள் மேல் நீதிமன்றம் எண்டு சொல்லுறம்.

இதில ஒரு பிள்ளை கேட்டது: "மிஸ், அப்ப மேல் மாகாணம் எண்டா சுப்பீரியர் மாகாணமா?" நல்ல கேள்வி. அந்த 'மேல்' மேற்கு. தமிழ் பேசின பழைய நிலத்தில மேற்குப் பக்கம் மலை, கிழக்குப் பக்கம் தாழ்வு, அதால மேல், மேற்கு, கீழ், கிழக்கு எண்டு வந்தது. கொழும்பில மேற்கில இருக்கிறது கடல், ஆனா சொல்லு அப்பிடியே நிண்டிட்டுது.

'மை சுப்பீரியர்' எண்டு ஆளைச் சொல்லலாமா?

சொல்லலாம், மேலதிகாரி எண்டு அர்த்தம். ஃபோமில 'இமீடியட் சுப்பீரியர்' எண்டு கேட்டா உங்களுக்கு நேரா மேல இருக்கிறவரின்ர பேரை எழுதுங்கோ, கொம்பனியின்ர முதலாளி பேரை இல்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் கொன்வென்ட்டில படிச்ச ஆக்களுக்கு 'மதர் சுப்பீரியர்' பழக்கமான சொல்லு, மடத்துக்குப் பொறுப்பான சிஸ்டர். அதுவும் பதவி.

ஒருத்தரை 'சுப்பீரியர்' எண்டு சொன்னா அது புகழ்ச்சியா?

பாத்து. "ஹீ ஹாஸ் எ சுப்பீரியர் ஸ்மைல்" எண்டா வடிவான சிரிப்பு இல்லை, மற்ற ஆக்களைக் கீழ வைச்சுப் பாக்கிற சிரிப்பு. தமிழில 'தன்னை ஏதோ பெரிய ஆளெண்டு நினைப்பு' எண்டு சொல்லுறதுதான் இது. 'சுப்பீரியோரிட்டி கொம்ப்ளெக்ஸ்' எண்ட சொல்லைப் பரப்பினவர் ஒஸ்திரியா நாட்டு மனவைத்தியர் ஆல்ஃபிரட் அட்லர். அவர் சொன்னது என்னெண்டா, அப்பிடிப் பெரிசாக் காட்டிக்கொள்ளுறதுக்கு அடியில தான் குறைஞ்சவன் எண்ட பயம்தான் கிடக்கு எண்டு.

பதவியில மேல், குணத்தில மேல், இது ரெண்டும் ஒண்டில்லை எண்டு திருக்குறளிலயே இருக்கு, 973ஆவது குறள்: "மேலிருந்தும் மேலல்லார் மேலல்லர்". மூண்டு சொல்லிலயும் 'மேல்' வருது, முதலாவது இருக்கிற இடம், மற்றது தரம். சுப்பீரியரின்ர ரெண்டு அர்த்தமும் ஒரே வரியில.

இங்கிலீஷ் தெரிஞ்ச ஆக்கள் சுப்பீரியரா, மிஸ்?

இதைக் கேட்டது ஒரு அக்கா, மலையகத்தில இருந்து வந்து கொழும்பில கடை ஒண்டில கணக்குப் பாக்கிறவ. ஒரு பெரிய கடையில தமிழில விலை கேட்டவவாம், கவுண்டரில நிண்ட பிள்ளை மேலயும் கீழயும் பாத்திட்டு இங்கிலீஷில பதில் சொன்னதாம். சிங்களத்தில இங்கிலீஷைக் 'கடுவ' எண்டு சொல்லுவினம், வாள் எண்டு அர்த்தம், ஆளை வெட்டுறதுக்கு வைச்சிருக்கிற சாமான் எண்டபடியால. அந்த அக்கா அண்டைக்கு வெட்டு வாங்கின ஆள்.

நான் சொன்னன், இல்லை அக்கா. ஒரு பாஷை இன்னொரு பாஷைக்கு மேல் இல்லை, அதைக் கதைக்கிற ஆளும் கதைக்காத ஆளுக்கு மேல் இல்லை. "ஷீ இஸ் சுப்பீரியர் டு மீ" எண்டு இலக்கணம் சரியா ஒரு வசனம் எழுதலாம், ஆனா அந்த வசனம் பொய். "ஹேர் இங்கிலீஷ் இஸ் பெட்டர் தேன் மைன், ஃபோர் நவ்" எண்டு எழுதுங்கோ, அது உண்மை. அக்கா கொப்பியில அந்த 'ஃபோர் நவ்'வுக்குக் கீழ கோடு போட்டவ.

எப்பிடி உச்சரிக்கிறது? ஸ்பெலிங்?

சு-பீ-ரி-அர், அழுத்தம் 'பீ'யில. சூப்பரில முதல் எழுத்தில அழுத்துற மாதிரி இங்க அழுத்தக்கூடாது. ஸ்பெலிங் எஸ், யூ, பி, ஈ, ஆர், ஐ, ஓ, ஆர். கடைசியில ஈ-ஆர் எண்டு எழுதுறதுதான் வழமையான பிழை.

சோதினையில எப்பிடிக் கேப்பினம்?

இடைவெளி நிரப்பச் சொல்லி, நடுவில ஒரு வசனமா வரும். பழகிறதுக்கு மூண்டு தாறன், ஒவ்வொண்டிலயும் டு-வா தேன்-னா எண்டு பாருங்கோ.

"திஸ் ஃபோன் இஸ் சுப்பீரியர் ___ மை ஓல்ட் வன்."
"ஹேர் ஹேண்ட்ரைட்டிங் இஸ் பெட்டர் ___ மைன்."
"மிஸ்டர் ராஜா இஸ் சீனியர் ___ மீ இன் த ஒஃபிஸ்."

முதலாவதும் மூண்டாவதும் டு, நடுவில இருக்கிறது தேன். பிழைச்சா விடையைப் பாத்து எழுதாதேங்கோ, "அதுக்கு மேல்", "அதை விட" எண்டு ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப்போட்டுத் திரும்ப எழுதுங்கோ.